கிரீடம் வைத்த கரடி

7

மைசூரில் தனியார் துப்பறியும் நிபுணர்கள் ஒரு காலத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பெங்களூருக்குப் போய், கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையை விசாரித்துச் சொல்லும் தொழிலில் பெரிய ஆளாகிவிட்டார். மிச்சம் இருந்தவர் கரியப்பன். போட்டிக்கு ஆள் இல்லாததால் ஊரில் முதல் இடம் அவருக்குத்தான். கடைசி இடமும் அவருக்குத்தான் என்று அவருடைய உதவியாளர் கௌரம்மா வாரத்துக்கு ஒருமுறை ஞாபகப்படுத்துவாள்.

முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர் கரியப்பன். பெட்டியைத் திறக்காமலே, சமையலறையிலிருந்து வரும் வாசனையை வைத்து யூனிட்டைச் சொல்லிவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. ஒரே ஒரு தடவை மூன்று யூனிட் தப்பாகச் சொன்னார். பிறகு பார்த்தால் மீட்டர்தான் கெட்டுப்போயிருந்தது. கௌரம்மா இருபத்தாறு வருஷம் பஸ் கண்டக்டர். தாய்மொழி கன்னடம். தமிழ் முழுவதும் கொள்ளேகால் வண்டியில் ஏறி இறங்கியவர்களிடம் பிடித்துக்கொண்டது. அதனால் அவள் தமிழ் பேசினால் ஹனூர்ப் பக்கத்து விவசாயி வீட்டு மூத்த மருமகள் பேசுகிற மாதிரியே இருக்கும்.

அன்று வியாழக்கிழமை. தேவராஜ மொஹல்லாவில், வெற்றிலைக் கடைக்கு மேலே இருக்கும் அலுவலகத்தில் கரியப்பன் ஒரு கையால் இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கம்பி மூடி போட்ட தடித்த கண்ணாடி பாட்டில். திறந்தால் டப் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே மூன்று நாளாகத் தாகம் இல்லாமலும் குடித்தார். விஜயநகர் புளி வழக்கை முடித்துவைத்ததற்காகத் திங்கட்கிழமை இராமச்சந்திரன் அன்போடு கொடுத்த பாட்டில் அது. அன்று விசாரணைக்கு முன்னால் டம்ளரில் கொடுத்த அதே பார்லித் தண்ணீர்தான் அப்போது உள்ளே இருந்தது. அது அன்றைக்கே தீர்ந்துவிட்டது. அதிலிருந்து மண்பானைத் தண்ணீரை ஊற்றி, போகிற இடமெல்லாம் தோள்பையில் எடுத்துக்கொண்டு போனார்.

வழக்கு சின்னதுதான். இராமச்சந்திரனின் மனைவி நிர்மலா வருஷத்துக்கு வேண்டிய புளியைச் சேர்த்து வாங்கி, உட்கார்ந்து கொட்டை எடுத்து, உப்புப் போட்டு ஜாடியில் அடைத்துவைப்பவர். இந்தத் தடவை ஜாடியைத் திறந்தால் மூன்று கிலோ காணோம். வீட்டுக்குள் வந்து போகிற வெளியாள் பாப்பாத்தி ஒருத்திதான். ஹனூர்க்காரி. அந்தத் தெருவில் நான்கு வீட்டில் வேலை செய்தாள். அண்ணன் தோட்டத்துப் புளியைக் கொண்டுவந்து மற்ற மூன்று வீடுகளுக்குக் கொடுப்பாள். இதைக் கேட்ட உடனேயே கரியப்பனுக்கு விஷயம் வெயில் அடித்த மாதிரி விளங்கிவிட்டது.

நிர்மலா வீட்டு கேட் முன்னால், நான்கு வீட்டு அம்மாக்களும் பார்த்துக்கொண்டிருக்க, பாப்பாத்தியின் பையை வாங்கித் தெருவில் கவிழ்த்தார். டிபன் டப்பா, பாதி தின்ற பன், கிழிசல் தைத்த ஒரு உள்பாவாடை, புளி உருண்டை ஒன்று. அவர் உருண்டையைக் கையில் எடுத்தபோது பாப்பாத்தி, "அண்ணா, நானும் உங்க பக்கத்து ஊருதானுங்க. ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள். கரியப்பனின் அப்பா ஹனூரில் ராகி விதைத்தவர். அந்தச் செய்தி அந்த நேரத்தில் விஜயநகருக்குத் தெரியவேண்டியதில்லை என்று அவருக்குப் பட்டது. வாயை மூடு என்று கன்னடத்தில் சொன்னார், அதுவும் ஆபீஸ் கன்னடத்தில். பிறகு புளியை ஒரு கடி கடித்து, உப்பு இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். நான்கு வீட்டிலும் அவளுக்கு அன்றோடு வேலை போயிற்று.

கௌரம்மா அன்றைக்கு நஞ்சன்கூட்டில் ஒரு கல்யாணத்தில் இருந்தாள். திரும்பி வந்தவளிடம் கரியப்பன் வழக்கை விவரமாகச் சொன்னார், கன்னடத்தில் பதில் சொன்னதைத் தவிர.

இன்றைக்கு அவள் உள்ளே வந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் ஒரு காகிதப் பொட்டலத்தை மேஜைமேல் பிரித்தாள். அந்த நான்கு வீட்டில் ஒன்றான பசம்மா வீட்டுக்குப் பாப்பாத்தி கொடுத்த புளி. மற்ற இரண்டு வீட்டிலும் போய்ப் பார்த்தாளாம், இதே சரக்குதானாம். பிசைந்து பாருங்கள் என்றாள். கரியப்பன் பிசைந்தார். விரலில் கொட்டை தட்டுப்பட்டது. இன்னொன்று. மூன்றாவது உருண்டு வந்து மேஜைமேல் விழுந்தது.

"நிர்மலாம்மா ஜாடிப் புளியில கொட்டை உண்டுங்களா சார்?"

இல்லை என்றார் கரியப்பன். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அப்படின்னா பாப்பாத்தி மூணு கிலோவத் திருடிக்கிட்டுப் போயி, ஒவ்வொரு சுளையாப் பிரிச்சு, கொட்டைய உள்ள வச்சுத் தச்சிருக்கறா. பெரிய கைவேலைக்காரிதான் போங்க." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏனுங்க சார், உங்க பல்லு எப்ப இருந்து வலிக்குது?"

திங்கட்கிழமையிலிருந்து, புளியில் ஒரு கல் இருந்தது என்று சொல்ல வாயைத் திறந்தார் கரியப்பன். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். துப்பறியும் தொழிலில் தடயம் கைக்கு எட்டாமல் போவது உண்டு. கண்ணில் படாமல் போவது உண்டு. தடயத்தைக் கடித்து, பல்லை உடைத்துக்கொண்டு, துப்பிவிட்டு வந்தவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

கௌரம்மா மேலும் ஒரு சேதி வைத்திருந்தாள். கண்டக்டர் மஞ்சுநாத் அவளுடைய பழைய சகா. மதியம் ஒரு மணி ஹனூர் வண்டியில் பாத்திர மூட்டை ஏற்றலாமா என்று பாப்பாத்தி அவனிடம் கேட்டிருக்கிறாள். அறையைக் காலி செய்துவிட்டாளாம். திருட்டுப் பெயர் வாங்கின தெருவில் இனி யார் வீட்டு வாசலில் போய் நிற்பது?

மணி பத்தரை. கரியப்பன் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

விஜயநகருக்கு ஆட்டோவில் போகும்போது கௌரம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு பேர் மூன்று கிலோ புளியைத் தின்றிருந்தால் இன்றைக்கு வயிற்றோடு ஆஸ்பத்திரியில் இருப்பார்கள். தின்னவில்லை என்றால் எதையோ தேய்த்திருக்கிறார்கள். ஆகவே அந்த வீட்டில் எது பளபளக்கிறது என்று பார்த்தால் போதும்.

நிர்மலா ஸ்ரீரங்கப்பட்டணம் கோவிலுக்குப் போயிருந்தார். இராமச்சந்திரன்தான் கதவைத் திறந்தார். நெற்றியில் சந்தனம், கையில் குறிப்பேடு. அந்த லேஅவுட்டில் மதுவின் தீமைகள் பற்றி மாதம் ஒரு சொற்பொழிவு செய்பவர் அவர். பதினொன்று முடிந்து, பன்னிரண்டாவதுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். கரியப்பன் மீட்டரை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்றார். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் இந்தச் சாவி எந்தக் கதவையும் திறந்தது.

மீட்டர் பின்கட்டில் இருந்தது. பக்கத்தில் ஒரு கொட்டகை. அதில் பழைய செப்பு அண்டா, கீஸர் வந்த பிறகு யாரும் தொடாதது. வெளிப்பக்கம் கரியும் பச்சைக் களிம்புமாக இருந்தது. கௌரம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். விளிம்பிலிருந்து நான்கு விரல் கீழே தொடங்கி அடிவரைக்கும் புதுக் காசு மாதிரி மின்னியது.

"வெளிய தேய்ச்சு வச்சா விருந்தாளி பாப்பான். உள்ள மட்டும் தேய்ச்சு வச்சா யாருங்க சார் பாக்கறது, தவளையா?"

பழைய சாமான், ஸ்வல்ப பாலிஷ் போட்டுப் பார்த்தேன் என்றார் இராமச்சந்திரன். கரியப்பன் ரோஜாப் பாத்தி பக்கம் போனார். செடிகளின் அடியில் புளிச் சக்கை கொட்டிக் கிடந்தது. ரோஜாக்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தன. சக்கைக்குள் நகக் கீறல் அளவுக்கு நீலமும் தங்க நிறமுமாகத் துணுக்குகள். சுவருக்கு அடித்த பெயிண்டாக இருக்கும் என்றார் இராமச்சந்திரன். வீட்டின் நான்கு சுவரும் பால் வெள்ளை. கொட்டகைப் பலகையில் ஒரு விரல் தடிமனுக்குப் புழுதி, புழுதிக்கு நடுவில் வட்டம் வட்டமாகச் சுத்தமான இடங்கள். கரியப்பன் எண்ணினார். இருபத்திமூன்று. இங்கே என்ன இருந்தது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றார் இராமச்சந்திரன், குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு. இருந்ததை எல்லாம் வேறெங்கோ நகர்த்திவிட்டார் என்பது மட்டும் தெரிந்தது. புளி எங்கே போனது என்பதற்குச் சக்கை சாட்சி. எதற்காகப் போனது என்பதற்குச் சாட்சி இல்லை. மணி பதினொன்றேகால்.

கரியப்பனுக்கு நாக்கு உலர்ந்தது. பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். டப்.

இராமச்சந்திரன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பாட்டிலையும் பார்க்கவில்லை. மாமரத்தைப் பார்த்தார். டிக்கெட் எடுக்காத பிரயாணி கண்டக்டர் கிட்டே வரும்போது ஜன்னல் வழியாக ஒரு மரத்தைத்தான் பார்ப்பான். இருபத்தாறு வருஷம் அந்தப் பார்வையைப் பார்த்தவள் கௌரம்மா. பாட்டிலைக் கரியப்பன் கையிலிருந்து வாங்கி, மிச்சத் தண்ணீரை ரோஜாவுக்கு ஊற்றிவிட்டு, புடவைத் தலைப்பால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினாள். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. வாயருகே கொண்டுபோய், மூக்குக் கண்ணாடி துடைக்கிறவர்கள் ஊதுகிற மாதிரி நீளமாக ஒரு ஊது ஊதினாள்.

பானைத் தண்ணீர் குளிர்ச்சியில் பாட்டில் மேல் ஆவி படிந்தது. ஆவியின் நடுவில் ஒரு கரடி எழுந்து உட்கார்ந்தது. தலையில் கிரீடம், கையில் நுரை வழியும் கோப்பை. கீழே வளைவாக எழுத்துக்கள், அதில் கடைசி நாலு எழுத்து பீர் என்று ஊரறிய ஆங்கிலத்தில் சொன்னது. மூன்று எண்ணுவதற்குள் கரடி மறைந்துவிட்டது.

இராமச்சந்திரன் துணி துவைக்கும் கல்மேல் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு கேள்வி கேட்கவேண்டிய அவசியமே வரவில்லை. மருமகன் விருந்து வைத்துவிட்டு விட்டுப்போன காலி பாட்டில்கள் அவை, இருபத்திநான்கு. நல்ல கம்பி மூடி. தூக்கிப்போட மனம் வரவில்லை. போனில் வீடியோ பார்த்து, பார்லியை முளைகட்டி, இஞ்சியும் ஈஸ்ட்டும் போட்டுச் சொந்தமாகப் பீர் காய்ச்சக் கற்றுக்கொண்டிருந்தார். நிர்மலாவுக்கு அது சிறுநீரகக் கல்லுக்கான பார்லித் தண்ணீர். ஆனால் பாட்டிலில் கரடி உட்கார்ந்திருந்தால் பார்லித் தண்ணீர் என்று யார் நம்புவார்கள்? காகித லேபிளாக இருந்தால் ஊறப்போட்டு உரித்திருப்பார். இது கண்ணாடியோடு சேர்த்துச் சுட்ட பெயிண்ட். நகத்தால் சுரண்டினார், கம்பி நாரால் தேய்த்தார், வெந்நீரில் போட்டார். கரடி அசையவில்லை. ஒருநாள் பாப்பாத்தி குத்துவிளக்குக்குப் புளி தேய்ப்பதைப் பார்த்தார். களிம்பு கழன்று போவதைப் பார்த்தார். அவருக்கு யோசனை வந்தது. மூன்று கிலோவையும் அண்டாவில் கரைத்துக் காய்ச்சி, பாட்டில்களை இரண்டு நாள் அதில் படுக்கவைத்தார். மூன்றாம் நாள் கரடிகள் தோலுரிந்து வந்தன.

"அவ தேய்ச்சதப் பாத்துத்தான் எனக்குத் தெரிஞ்சது" என்றார். "அன்னிக்கு நீங்க அவ பைய கொட்டறப்போ நான் உள்ளே ஜன்னல் பக்கம் நின்னுட்டிருந்தேன். வரணும்னுதான் நெனச்சேன்."

கரியப்பனின் கண் இன்னும் பாட்டில் மேலேயே இருந்தது. அது அவருடைய பாட்டில். இருபத்திநான்காவது பாட்டில். ஒரு சந்தேகம் அவருடைய வயிற்றிலிருந்து புறப்பட்டு மெதுவாக மேலே ஏறியது.

"அப்படியென்றால் திங்கட்கிழமை நான் இங்கே குடித்தது..."

"ரெண்டு டம்ளர் சார். மூணாவது நீங்களே கேட்டு வாங்கிட்டீங்க." இராமச்சந்திரன் தலையைத் தூக்கினார். அவமானத்துக்கு நடுவிலும் அவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்து போனது. "நல்லா இருக்குன்னு சொன்ன ஒரே ஆள் நீங்கதான்."

அறுபத்துநாலு வயதுவரை கரியப்பன் குடித்ததில் மிகவும் வீரியமானது சுக்குக் காப்பி. திங்கட்கிழமை அவர் வெறும் வயிற்றோடு வந்திருந்தார். மூன்று டம்ளருக்குப் பிறகு மூளை எப்படிச் சுடர்விட்டது என்பது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தெருவே மேடையாகத் தெரிந்தது. அம்மாக்கள் நால்வரும் சபையாகத் தெரிந்தார்கள். பையை ஒரே வீச்சில் கவிழ்த்தபோது தன் கையின் லாவகத்தைத் தானே ரசித்தார். இந்த மூன்று நாளும் அதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கௌரம்மா பாட்டிலை இன்னொரு தடவை புடவைத் தலைப்பால் துடைத்தாள். அவள் கிண்டல் செய்திருந்தால் தேவலை என்று இருந்தது.

இராமச்சந்திரன்தான் முதலில் தேறினார். ஒரு வழி இருக்கிறது என்றார். எலி என்று சொல்லிவிடலாம். ஜாடியில் எலி புகுந்துவிட்டது, புளி கெட்டுப்போய் அவரே வெளியே கொட்டினார், சொல்ல மறந்துவிட்டார். பாப்பாத்தி நாளைக்கே வேலைக்கு வரட்டும். அவருடைய பெயரும் கெடாது, கரியப்பன் சார் பெயரும் கெடாது.

கரியப்பன் அந்த எலியைப் பற்றி யோசித்தார். உண்மையைச் சொன்னால், அவருக்கு அதைப் பிடித்திருந்தது. அடக்கமான எலி. யாரையும் காட்டிக்கொடுக்காது. நான்கு வீட்டிலும் வேலை திரும்பக் கிடைக்கும். ஒரு துப்பறியும் நிபுணர் குடித்துவிட்டு நடுத்தெருவில் ஒரு பெண்ணின் உள்பாவாடையைக் கொட்டினார் என்ற கதை இந்தப் பின்கட்டோடு நின்றுவிடும். சரி என்று சொல்லத் தலை பாதி அசைந்தும்விட்டது.

அப்போதுதான் கௌரம்மா பேசினாள்.

"பாப்பாத்தி மஞ்சுநாத்துகிட்ட என்ன சொல்லி அழுதான்னு கேக்கலியே நீங்க. புளியப் பத்தி ஒண்ணும் சொல்லலியாமா. வேலை போனதயும் சொல்லலியாமா. அண்ணான்னு கூப்பிட்டனே, எனக்குக் கன்னடத்துல பதில் சொல்லிப்போட்டாரேன்னு சொன்னாளாம்." பாட்டிலை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். "அதயும் எலிதான் சொல்லுச்சுன்னு சொல்லிப்போடலாமுங்களா?"

கரியப்பன் பாட்டிலைப் பையில் போட்டார். பிறகு பாப்பாத்தியைக் கூட்டிவரச் சொல்லிக் கௌரம்மாவை ஆட்டோவில் அனுப்பினார்.

ஒரு மணி வண்டி அன்றைக்கு மைசூர் பஸ் நிலையத்தில் டயர் பார்ப்பதற்காகக் கொஞ்ச நேரம் நின்றது. ஆறு டயரிலும் குறை ஒன்றும் இல்லை. அப்படியும் கண்டக்டர் மஞ்சுநாத் திரும்பத் திரும்பக் குனிந்து பார்த்தான் என்று அதில் உட்கார்ந்திருந்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இங்கே, விஜயநகரில், நிர்மலா கோவிலிலிருந்து பிரசாதத்தோடு திரும்பி வந்திருந்தார். பசம்மாவையும் மற்ற இருவரையும் கரியப்பனே போய் அழைத்துவந்தார். உச்சி வெயில். அதே கேட், அதே நான்கு பேர். கன்னடத்தில் சொன்னார், ஆனால் இந்தத் தடவை வீட்டில் பேசுகிற கன்னடத்தில். பாப்பாத்தி திருடவில்லை, அவள் புளியில் கொட்டை இருந்தது, தான் பார்க்கவில்லை. பார்க்காததற்குக் காரணம், தான் குடித்திருந்தது. தெரியாமல் குடித்ததுதான், ஆனால் கெட்டிக்காரனாக இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

யாரும் நம்பவில்லை. குடிக்கக் கொடுத்தது யார் என்று நிர்மலா கேட்டார். கரியப்பன் பாட்டிலில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி ஊதிக் காட்டினார். நிர்மலா அதைப் பிடுங்கித் தானும் ஒருமுறை ஊதினார். கிரீடம் வைத்த கரடி அவரைப் பார்த்தது. அவர் கரடியைப் பார்த்தார். பிறகு திரும்பி, தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் இருந்த தலை கீழே போயிற்று. பன்னிரண்டாவது சொற்பொழிவு இன்றுவரைக்கும் நடக்கவில்லை.

தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றது. கௌரம்மாவுக்குப் பின்னால் பாப்பாத்தி இறங்கினாள். கிட்டே வரவில்லை, பத்தடி தள்ளியே நின்றாள்.

கரியப்பன் தோள்பையைக் கழற்றி, அவள் பையைக் கொட்டின அதே இடத்தில் கவிழ்த்தார். டார்ச், பூதக்கண்ணாடி, ஒரு பிஸ்கட் பொட்டலம், பல்வலி மாத்திரை, மைசூரின் முதல்தரத் துப்பறியும் நிபுணர் என்று அச்சடித்த நூறு அட்டைகள், முகம் துடைக்க வைத்திருந்த ஓட்டைப் பனியன். காற்றில் அட்டைகள் நாலு பக்கமும் போயின. அம்மாக்கள் வேறெங்கோ பார்த்தார்கள். கரியப்பன் வெயிலில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கௌரம்மா குனியவில்லை. அன்றைக்குப் பாப்பாத்திக்காக யாரும் குனியவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

பனியனை மடித்துப் பையில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அம்மிணி, தப்புப் பண்ணிப்போட்டேன்" என்றார், ஹனூர்த் தமிழில். "நீ ஒரு வார்த்தை கேளுன்னு சொன்ன. நான் கேக்கல. இப்பச் சொல்லு, கேக்கறேன்."

பாப்பாத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இடது கன்னம் வீங்கியிருந்ததைப் பார்த்தாள்.

"அன்னிக்குச் சொல்ல வந்தது வேற ஒண்ணுமில்லீங்க" என்றாள். "உள்ள கொட்டை இருக்குது, பாத்துக் கடிங்கண்ணா, பல்லு போயிரும்னு சொல்ல வந்தனுங்க."

கரியப்பன் இடது கன்னத்தில் கை வைத்தார்.

பாப்பாத்தி அவரைத் தாண்டி நடந்தாள். நிர்மலா பிரசாதப் பொட்டலத்தை நீட்டினார். அவள் அந்தக் கேட்டைத் திரும்பிப் பார்க்காமல் பசம்மா வீட்டு வாசலுக்குப் போய் நின்றாள். பின்னாலேயே வந்த பசம்மாவிடம் நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டாள். பசம்மா கதவை அகலத் திறந்தாள்.

கௌரம்மா போனை எடுத்து, டயர் பார்த்தது போதும், ஒரு ஆள் வரவில்லை, வண்டியை எடு என்று மஞ்சுநாத்திடம் சொன்னாள்.